எடை குறைந்த பெட்டிகள்

12 ஜனவரி

அன்புத் தங்கச்சி ரேடியோவுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள். படப் புதிர் செய்யும் எங்கள் பஸில் கம்பெனியில் என் வெட்டு மெஷினுக்கு மேலே ஒரு படத்தாளை ஒட்டி வைத்திருந்தேன். குளம், அதில் அல்லிப் பூ, அவ்வளவுதான். கரை கிடையாது, வானம் கிடையாது. உலகமெல்லாம் பெயர் வாங்கிய படமாம். சாப்பாட்டு நேரத்தில் அதன் கீழே உட்கார்ந்து, "என்ன ஆழம் பாருங்கய்யா!" என்று மற்றவர்களுக்கு ஒரு மாதமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மேஸ்திரி வந்தார். நான் தலைகீழாக ஒட்டியிருந்த படத்தைக் கழற்றி, நேராகத் திருப்பி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பெரிய அவமானம் அதுகூட இல்லை. திருப்பிய பிறகும் எனக்கு அது அப்படியேதான் தெரிகிறது.

அந்தப் படத்திலேயே ஒரு பெட்டி மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன். துண்டு துண்டாக இருக்கும், பொருத்திப் பொருத்தி முழுப் படம் ஆக்க வேண்டும். நாங்கள் கடைசியில் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைப்போம். ஒரு துண்டு குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். எடை குறைந்த பெட்டி கடைக்குப் போகாது, வேண்டியவர் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். எது குறைகிறது என்று தேட எங்களுக்கு நேரம் இல்லை. ஆகவே இதில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கும். ஓசியில் வருவதில் ஓட்டை பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்.

சாரத்திலிருந்து விழுந்த மாப்பிள்ளைக்கு இனிமேல் கால் வராது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். ஆனால் கை இருக்கிறதே. இத்தனை வருஷம் சுவருக்குப் பெயின்ட் அடித்த கை சும்மா கிடந்தால் மனசுக்குள் போய் எதையாவது நோண்டும். அதற்கு ஒரு வேலை கொடு. முறைப்பார். முறைக்கட்டும்.

உன் மேல் உயிரான,
அண்ணன்

6 பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கச்சி எழுதிக்கொண்டது. நாங்கள் இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி? அண்ணிக்கு இருமல் விட்டதா?

அண்ணே, பெட்டியைப் பிரித்ததும் "உங்கண்ணன் என்னைப் பாலர் பள்ளியில சேத்துட்டாரா?" என்று கேட்டு மூடியைத் தூக்கி எறிந்தார். சலவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், தலையணையை முதுகுக்குக் கொடுத்து, வயிற்றின் மேல் பலகையை வைத்துக்கொண்டு, ஓரமெல்லாம் அடுக்கி முடித்திருக்கிறார். "சும்மா தொட்டுப் பாத்தேன்" என்றார். தொட்டுப் பார்த்தவர் சோறு ஆறிப்போகும் வரைக்கும் விடவில்லை.

நீ சொன்ன ஓட்டை நடுத் தண்ணீரில் இருந்தது. அதற்கு என்ன செய்தார் தெரியுமா? கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பெயின்ட் டப்பாக்களை எடுக்கச் சொன்னார். அடியில் தங்கியதைக் கிளறி, நீலத்தில் துளி பச்சை, அதில் துளி கறுப்பு என்று குழைத்தார். செருப்புப் பெட்டி அட்டையில் துண்டை வெட்டி, அடித்து, காயவைத்துப் பொருத்தினார். எது உங்கள் கம்பெனித் துண்டு, எது அவர் துண்டு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உனக்கு எழுதச் சொன்னது: "இந்த ஆளு முதல் கோட் காயறதுக்குள்ள ரெண்டாவது கோட் அடிச்சிருக்கான்னு மச்சான்கிட்ட சொல்லு. நான் இப்படி அடிச்சிருந்தா அன்னைக்கே என்னைத் துரத்தியிருப்பாங்க. இவனுக்கு மாலை போட்டிருக்காங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் தாள் முடிந்துவிட்டது. அடுத்த பெட்டி எப்போது என்று கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி

27 பிப்ரவரி

ரேடியோ,

உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருமினாள். மற்றபடி குறையில்லை. உங்கள் உடம்பு எப்படியென்று இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுது.

அடுத்த பெட்டி இதோ. எங்கள் பெட்டிகளின் பக்கவாட்டில் இது இன்ன வாதம், அது இன்ன வாதம் என்று அச்சடித்திருப்பார்கள். குளத்துக்கு ஒரு வாதம், இதற்கு யதார்த்தவாதம். எனக்குத் தெரிந்த ஒரே வாதம் முழங்காலில் வருவதுதான். இதில் மூன்று பெண்கள், அறுத்து முடித்த வயலில் சிந்திய கதிரைக் குனிந்து பொறுக்குகிறார்கள். வெட்டி வெட்டி எனக்கு அவர்களை உறவுக்காரர்கள் போலத் தெரியும். ஒருத்தியாவது நிமிர்ந்து முகத்தைக் காட்டுவாள் என்று பார்க்கிறேன். காட்டுவதே இல்லை. நம் அம்மா பாத்திரம் கழுவும்போது அவள் முதுகைத்தானே பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்? அந்த ஞாபகம். சரி, உடனே அழ ஆரம்பிக்காதே, பெட்டி நனைந்துவிடும்.

எங்கள் கம்பெனிப் பச்சைக்கும் மாப்பிள்ளையின் பச்சைக்கும் வித்தியாசமே தெரியவில்லையாமே. மேஸ்திரியிடம் சொன்னேன். "அந்தாள வேலைக்கு வரச் சொல்லு" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அண்ணன்

25 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படித்தான்.

பெண்கள் படம் முடிந்தது. இந்த முறை ஒரு பெண்ணின் கை குறைந்தது. செய்து போட்டுவிட்டார், முன்பு போல வேகம் இல்லை. தூரத்தில் குதிரை மேல் ஒருவன் சின்னதாக இருக்கிறானே, அவனை விரலால் தொட்டுக் காட்டினார். "இவந்தான் காண்ட்ராக்டர். நிக்கிறவன் குனியிறானான்னு பாக்கிறது மட்டும் இவன் வேலை. சாரத்தைக் கட்டினது எவன்னு இவன்கிட்ட கேக்கணும்" என்றார். அவருடைய காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தவர், அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. தெரு முனையில் என்னைப் பார்த்தால் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்.

அவருக்கு முதுகில் ஒரு புண் வந்திருக்கிறது. படுத்தே இருந்தால் வருமாம். மருந்து தடவுகிறேன். சின்னதுதான்.

அன்புடன்,
தங்கச்சி

14 ஏப்ரல்

என் ரேடியோவுக்கு,

நாங்கள் சௌக்கியம். புண் சின்னது என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். சின்னது என்றால் எவ்வளவு? பொத்தான் அளவா, தட்டு அளவா? புரட்டிப் படுக்க வைக்கிறாயா? உதவிக்கு யார் இருக்கிறார்கள்? ஒழுங்காக எழுது.

இந்தப் பெட்டியை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பாலத்தின் மேல் ஒரு ஆள். ஆணா பெண்ணா தெரியாது. முடி இல்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வாயை 'ஓ'வென்று திறந்திருக்கிறான். வானம் ரத்தக் களறி. பின்னால் இரண்டு பேர் கண்டுகொள்ளாமல் நடந்து போகிறார்கள். உன் அண்ணி பார்த்துவிட்டு, "பல்லு புடுங்கின அன்னைக்கு நீங்க இப்படித்தான் உக்காந்திருந்தீங்க" என்றாள். இப்போது அதன் படத்தாள் ஒன்று எங்கள் குளியலறைக் கதவில் தொங்குகிறது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

மாப்பிள்ளை சிரிப்பார் என்றுதான் அனுப்புகிறேன்.

அண்ணன்

30 மே

ரேடியோ, ரேடியோ,

பேட்டரி தீர்ந்துவிட்டதா? தினம் தபால்காரரை வாசலிலேயே மறித்து நின்று, இப்போது அவர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறார். நாங்கள் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்கள்?

சின்ன வயசில் நீ பேச ஆரம்பித்தால் அப்பா பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். இரண்டு நாள் நீ பேசாமல் இருந்தபோது அவரே பஞ்சை எடுத்துவிட்டு, "ஏதாவது பேசும்மா, வீடு பயமா இருக்கு" என்றார். உனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அது ஞாபகம் வந்தது, எழுதுகிறேன்.

இன்னொரு பெட்டி அனுப்புகிறேன். இதற்கு வாதம் கீதம் ஒன்றும் போடவில்லை, பரோக் காலம் என்று மட்டும் இருக்கிறது, ஏதோ பழைய காலமாம். சமையலறையில் ஒரு பெண் ஜன்னல் ஓரம் நின்று குடத்திலிருந்து பால் ஊற்றுகிறாள். அவ்வளவுதான் விஷயம். மஞ்சள் சட்டை, நீலத் துணி. வெட்டும்போது எனக்குக் கை மெதுவாகிவிடுகிறது, மேஸ்திரி கத்துகிறார். அவள் சத்தமே போடவில்லை.

புண் எப்படி?

அண்ணன்

21 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? சலவைக் கடையில் வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

பாலத்து ஆளைப் பார்த்தார். "இவன் கத்தல. வேற யாரோ கத்துறாங்க, அது கேக்கக் கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறான்" என்றார்.

பால் படத்தையும் முழுசாக முடித்துவிட்டார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. உன் தராசு தப்பு. படத்தைப் பார்த்து அவர் சொன்னது: "இந்தப் பொம்பளைய யாரும் கூப்பிடல. அதான் இவ்வளவு நிதானமா ஊத்துறா. ஊத்தி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு வேற வேலை இல்ல. அந்த ஜன்னல் வெளிச்சம் அவளுக்கு மட்டும் வருது."

அவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

தங்கச்சி

5 ஜூலை

தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் உறையை உதறிப் பார். ஒரு பிடித் துண்டு விழும்.

என் மெஷினில் கத்திகளுக்கு இடையில் ரப்பர் மெத்தை இருக்கும். அது தேய்ந்துபோய்ப் போன வாரம் மாற்றினோம். பழையதை உரித்தபோது அடியில் இவை ஒட்டிக்கொண்டிருந்தன. பொருத்திப் பார். குடத்தின் வாய், விழுகிற பால், கீழே இருக்கிற சட்டி. அந்தப் படத்தில் எடை குறைந்த பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் உனக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை முழுசாக முடித்தார் என்று எழுதியிருக்கிறாயே, பால் இல்லாமல் அவள் எதை ஊற்றினாள்?

தராசின் சாட்சியும் வேண்டாம், இந்தத் துண்டுகளின் சாட்சியும் வேண்டாம். உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு எங்கோ இடித்தது. அந்தப் படத்தில் பாதி வெறும் சுவர். ஆணி ஒன்று நிற்கிறது, ஆணி பிடுங்கிய ஓட்டை இருக்கிறது, கறை இருக்கிறது. நம் மாப்பிள்ளை கல்யாணத்தன்றைக்கு மணமேடையில் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், இந்த மண்டபத்துச் சுவருக்கு எவன் அடிச்சான்?" என்று என் காதில் கேட்டவர். அவர் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

கோபம் இல்லை. என்ன நடக்கிறது? பூசி மெழுகாமல் எழுது.

அண்ணன்

20 ஜூலை

அண்ணே,

நலமா என்று கேட்டு நீயும் எழுதாதே, நானும் எழுதவில்லை.

பொய்தான். அந்தப் பாலத்து ஆள் வந்த அன்று மூடியை ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் வாயைத் திறந்தாவது வெச்சிருக்கான்" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் தொடவில்லை. உன் மேல் தப்பில்லை. அது வராவிட்டால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

புண் பெரிதாகிவிட்டது. என் உள்ளங்கையால் மூடினாலும் மூடாது. காய்ச்சல் வந்து வந்து போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வைக்கலாம், இப்படியே விட்டால் முடியாது என்று டாக்டர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். வரமாட்டேன் என்கிறார். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். "போதும்" என்பது ஒன்றுதான் பேச்சு. கஞ்சி போதும் என்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று நான் கேட்பதில்லை.

உனக்கு எழுத உட்கார்ந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் பால் படத்தை அவர் காலடியில் உட்கார்ந்து நானே அடுக்கினேன். பால் இருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது. தெரிந்துதான் அப்படி எழுதினேன். குறைகிறது என்று எழுதினால், அவர் எப்படிச் செய்து போட்டார் என்று கேட்பாய். அவர் மாதிரி என்னால் ஒரு துண்டு செய்ய முடியுமா?

அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னது நான்தான் அண்ணே. முன்பெல்லாம் ஓயாமல் கூப்பிடுவார். ஏய், தண்ணி. ஏய், ஜன்னலைச் சாத்து. ஏய், திற. எனக்கு அலுப்பாக இருக்கும், வாய்க்குள் திட்டிக்கொண்டே போவேன். இப்போது கூப்பிடுவதே இல்லை. சலவைக் கடையிலிருந்து வந்து வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே போகப் பயமாக இருக்கிறது. ஒரு 'ஏய்' கேட்டால் போதும் என்று இருக்கிறது.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. தூரம் எனக்குத் தெரியும்.

தங்கச்சி

1 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்கப்போவதில்லை. எல்லாம் தெரியும். தங்கச்சி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாலும் காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

ஒரு பஞ்சாயத்து. அந்தப் பால் படத்துச் சுவரை எங்கள் மேஸ்திரி பழைய சுவர், பராமரிப்பு இல்லாதது என்கிறார். நான், அது நல்ல சுவர், வேண்டுமென்றே பழசு போல அடித்திருக்கிறார்கள் என்கிறேன். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் இருவருக்கும் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அங்கே முறைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மூடியை வாங்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள். அந்த ஓட்டையெல்லாம் பட்டி வைத்து அடைக்க வேண்டுமா, இல்லையா? தீர்ப்பு சொல்லத் தொண்டை வேண்டும், தொண்டைக்குக் கஞ்சி வேண்டும். சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டம்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் முதல் கப்பலில் வருகிறேன். நான் வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் எனக்குப் படுக்க இடம் கிடைக்கும்.

விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளை. அவளைக் கூப்பிடுங்கள். ஒன்றும் வேண்டாமென்றாலும் சும்மா கூப்பிடுங்கள்.

உங்கள்,
மச்சான்

14 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணே,

நீ நலமா? அண்ணி நலமா? மேஸ்திரிகூட நலமா?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அசையவில்லை. மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து "ஏய்" என்றார். நான் பதில் கொடுக்கவில்லை, இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று நின்றேன். "ஏய், செவிடா?" என்றார். ஈரக் கையோடு ஓடினேன். "அந்த மூடியைக் குடு."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி: "ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லன்னு எழுது. வெள்ளைச் சுவருன்னு பேரு, இதுல வெள்ளையே இல்ல. சாம்பல் இருக்கு, மஞ்சள் இருக்கு, நீலம்கூட இருக்கு. அடிச்சவன் பெரிய கை. ஓட்டையை அடைக்கக் கூடாது. அங்க யாரோ என்னமோ மாட்டி வெச்சிருந்தாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. அவ்வளவுதான். இருந்துட்டுப் போகட்டும்."

நான்கு கரண்டிக் கஞ்சி குடித்தார். நீ அனுப்பிய துண்டுகளை உள்ளங்கையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பொருத்தினார். கடைசித் துண்டு, பால் விழுகிறதே அது, அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். காய்ச்சல் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ம்" என்றார். போதும் என்று சொல்லவில்லை, அண்ணே.

இப்போதே தபாலில் போட ஓடுகிறேன்.

உன் ரேடியோ

15 செப்டம்பர்

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கப்பலில் வாந்தி, ரயிலில் தூக்கம். உன் அண்ணி நான் இளைத்துவிட்டேன் என்கிறாள். நீ சாப்பிடுகிறாயா?

வந்ததும் உன் கடிதத்தைக் கொடுத்தாள், ஆகஸ்டில் நீ ஓடிப்போய்த் தபாலில் போட்டது. நான் அங்கே வரக் கப்பலில் இருந்தபோது இது வேறொரு கப்பலில் இங்கே வந்திருக்கிறது. நான் உன் வீட்டுப் படி ஏறியபோது ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றது. அவரை ஏற்ற வந்த வண்டி என்று நினைத்தேன். உடலை இறக்கிவிட்டுப் போக வந்தது என்று நீ சொல்லவில்லை, வண்டிக்காரர்தான் சொன்னார். நான் அங்கே இருந்த நாளெல்லாம் நீ வாயே திறக்கவில்லை. அவர் தீர்ப்பு சொன்னார் என்பதே எனக்கு இப்போது இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரியிடம் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். "சரி" என்றார். என் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

நீ பலகையோடு எனக்குக் கட்டிக்கொடுத்த பால் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, பால் மட்டும் இல்லை. பெட்டி, பை, என் சட்டை மடிப்பு எல்லாம் தேடினேன். அப்புறம்தான் உன் கடிதத்தின் அந்த வரியை மறுபடி படித்தேன். அவரைக் கடைசியாகக் கொண்டுபோனபோது வலது கை மூடியிருந்தது. விரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நல்லதுதான்.

அந்தத் துண்டை நீ செய்து அனுப்பு. டப்பாக்கள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளை வெள்ளையாக இருக்கக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. இனிமேலும் பெட்டிகள் அனுப்புவேன், உனக்கு. படத்தைப் பார்த்து என்ன தோன்றுகிறதோ, உன் பேரிலேயே எழுது. அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதுபோல இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கேயே இருப்பதா, இங்கே வருவதா என்பதை நீ முடிவு செய். உன் அண்ணி உனக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாள்.

படத்தை நேற்று நடு அறையில் மாட்டப் பார்த்தேன். பலகையோடு கனமாக இருந்ததால் நீள ஆணி எடுத்தேன். எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அடியில் ஆணி பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த வீட்டுக்காரர் அதில் தன் குடையை மாட்டியிருந்தார். ஆணியைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணன்